கூரையால் இறங்கிய கள்ளர்

கொள்ளைத் தொடர் ஓடாத தொலைக்காட்சிப் பெட்டி இப்போது குறைவு. ஒரு மூளைக்காரன், பூட்டுத் திறக்க ஒருவன், கணினிக்கு ஒருத்தி, கார் ஓட ஒருவன் என்று ஆள் சேர்த்து, கடைசிப் பகுதிக்குள் ஒரு வங்கியைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். 2017இல் தொடங்கிய 'மணி ஹைஸ்ட்' ஸ்பானிய மொழியில் வந்தும் உலகமெல்லாம் பார்த்தது. எங்கள் கியூபெக்கில் 2011-12இல் களஞ்சியத்திலிருந்து ஏறத்தாழ 3,000 தொன் மேப்பிள் பாணியைக் களவெடுத்தார்கள். அந்தக் கதையை வைத்தும் 2024இல் 'த ஸ்டிக்கி' என்று ஒரு தொடர் வந்துவிட்டது. பார்க்கிற எங்களுக்கோ பொலிஸ் வந்துவிடக்கூடாதே என்ற பதைப்பு. கள்ளனுக்காக நேர்த்தி வைக்காத குறைதான்!

ஆனால் மொன்றியலில் நடந்த உண்மைக் கொள்ளை ஒன்று இருக்கிறது. 24ஆம் இலக்க பஸ்ஸில் ஷேர்புரூக் வீதியால் போகிறவர்களுக்கு அந்த வெள்ளைத் தூண் கட்டடம் தெரிந்திருக்கும். 1912இல் திறந்த நுண்கலை அருங்காட்சியகம். அதற்குள் 1972 செப்டெம்பர் 4 அதிகாலை, தொழிலாளர் தின நீண்ட விடுமுறையில், மூன்று பேர் இறங்கினார்கள்.

கூரையில் இருந்த கண்ணாடிச் சாளரத்தில் அப்போது திருத்த வேலை நடந்துகொண்டிருந்தது. வேலைக்காரர் போட்டிருந்த பிளாஸ்ரிக் விரிப்பினால் அந்த இடத்து எச்சரிக்கை மணி வேலை செய்யவில்லை. கள்ளர் அதை அறிந்திருந்தார்கள். கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கி, துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டு வெருட்டி, மூன்று காவலாளிகளையும் கட்டிப் போட்டார்கள். பிறகு ஆறுதலாகப் படங்களைக் கழற்றினார்கள். அருங்காட்சியகத்தின் வாகனத்திலேயே எல்லாவற்றையும் ஏற்றிப் போகத்தான் எண்ணம். பக்கக் கதவைத் திறந்ததும் மணி அடித்துவிட்டது. கையில் அகப்பட்ட 18 ஓவியங்களோடும் 39 நகை, சிறு கலைப்பொருட்களோடும் நடந்தே ஓடிவிட்டார்கள்.

அன்றைய மதிப்பில் சுமார் 20 லட்சம் டொலர். அதில் பாதி ரெம்பிராண்ட் வரைந்த ஒரேயொரு நிலக்காட்சிக்குரியது. டெலக்ருவா, கொரோ, கேன்ஸ்பரோ, மில்லே எல்லாம் அந்தப் 18க்குள் அடக்கம். கப்பம் கேட்டார்கள், பேரம் பேசினார்கள். நம்பிக்கைக்கு அடையாளமாக புரூகலின் பெயரில் இருந்த ஒரு ஓவியத்தைத் திருப்பித் தந்தார்கள். அடுத்த வருடம் 10,000 டொலர் கொடுத்தும் ஒரு படம்கூட வரவில்லை. ஐம்பது வருடம் கடந்துவிட்டது. ஒருவரையும் பிடிக்கவில்லை. ரெம்பிராண்ட் எந்தச் சுவரில் தொங்குகிறது, இல்லை எந்த அடுப்பில் எரிந்தது என்று தெரியாது.

இவ்வளவு பெரிய களவை ஏன் சனம் மறந்தது? திகதிகளைப் பாருங்கள். செப்டெம்பர் 1 இரவு இதே மொன்றியலில் புளூ பேர்ட் களியாட்ட விடுதிக்கு யாரோ தீ வைத்ததில் 37 பேர் இறந்தார்கள். 2ஆம் திகதி இங்கேயே ஹொக்கியில் சோவியத் அணியிடம் கனடா 7-3 என்று தோற்று நாடே திகைத்தது. 5ஆம் திகதி மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்களைப் பணயம் பிடித்தார்கள். அதற்குப் பிறகு ஓவியத்துக்கு யார் இடம் கொடுப்பது? எங்கள் ஊர்ச் செய்திகள் இன்னொரு பெரிய செய்தியின் கீழே அமிழ்ந்து போனதைப் பார்த்த எமக்கு இது புதிதல்ல.

நட்டம் அருங்காட்சியகத்துக்கா என்று கேட்டால், அங்கேதான் கதை சுவையாகிறது. காப்புறுதிக் காசு வந்தது. அதைக்கொண்டு ரூபன்ஸ் வரைந்த சிறுத்தைகளின் ஓவியம் என்று ஒன்றை 1975இல் வாங்கினார்கள். பின்னாளில் வர்ணத்தைப் பரிசோதித்தபோது, அது ரூபன்ஸ் இறந்த பிறகு தீட்டியது என்று தெரிய வந்து, 2007இல் கழற்றி வைத்தார்கள்.

இன்னொன்று. 2011இல் இதே இடத்தில் பாரசீகக் காவலன் ஒருவனின் தலை செதுக்கிய கல் களவு போனது. 2014இல் எட்மன்ரனில் அகப்பட்டது. அருங்காட்சியகம் காப்புறுதிப் பணத்தை வைத்துக்கொண்டு கல்லை விட்டுவிட, அது கைமாறி நியூயோர்க் சந்தைக்குப் போனது. 2017இல் அங்கே அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். காரணம், அது 1930களில் ஈரானின் பெர்சிபோலிசிலிருந்து களவாடிய கல்! 2018இல் ஈரானுக்கே போய்ச் சேர்ந்தது. அறுபது வருடம் மொன்றியலில் மதிப்போடு காட்சிக்கு இருந்தது. இதில் எந்தக் களவைக் களவு என்பது?

எங்கள் பக்கக் கதையையும் சொல்லவேண்டும். அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயில் நடராசர் களவு போய்ப் பல மாதங்களுக்கு ஒருவருக்கும் தெரியாது. அந்தச் சிலையை 2008இல் அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. விற்றவர் நியூயோர்க் வணிகர் சுபாஷ் கபூர். 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் ஒரு சிலைத்திருட்டு வழக்கில் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. நடராசர் 2014இல் திரும்பி வந்தார். எப்படி வந்தார்? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தில் அந்தச் சிலையின் பழைய புகைப்படம் இருந்தது. அந்த ஒரு படம் இல்லாவிட்டால் கோயில்காரர் எதைக் காட்டி வழக்காடுவது?

தொடர்களில் வருகிற கொள்ளைக்காரன் பணக்காரனிடம் எடுக்கிறான், காப்புறுதி கொடுக்கும், ஒருவருக்கும் நட்டமில்லை என்று எங்களைத் தேற்றுகிறார்கள். சிறீபுரந்தானுக்குக் காப்புறுதி ஏது? எங்கள் ஊர் அம்மன் கோயிலை 1990இல் பூட்டிவிட்டு வெளிக்கிட்டோம். திரும்பிப் போனவர்கள் பார்த்தபோது எழுந்தருளி விக்கிரகம் இல்லை. யார் எடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. நாளைக்கு அது ஒரு ஏல விற்பனைப் புத்தகத்தில் வந்தால், இது எங்கள் அம்மன் என்று சொல்ல எங்களிடம் என்ன இருக்கிறது?

அதனால் ஒரு வேண்டுகோள். அலுமாரிக்குள் கிடக்கும் பழைய அல்பங்களை எடுத்துப் பாருங்கள். தேர், தீர்த்தம், கோயிலில் நடந்த கலியாணம், எதுவானாலும் பின்னால் விக்கிரகம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், பின்பக்கத்தில் ஊர், கோயில், வருடம் எழுதிப் பிரதி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். ரெம்பிராண்டின் படம் ஒவ்வொரு பொலிஸ் கோப்பிலும் இருக்கிறது. எங்கள் அம்மனின் படம் உங்கள் ஒருவர் வீட்டில் மட்டும்தான் இருக்கக்கூடும்.