இராணுவப் பயிற்சி விமானத்தில் சிவில் விமானிகள்: இந்திய அனுபவம் சொல்வது என்ன?

இந்திய விமான நிறுவனங்களான இண்டிகோவும் ஏர் இந்தியாவும் 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் புதிய விமானங்களை வாங்க முடிவு செய்தன. அவற்றை ஓட்டுவதற்கு ஆயிரக்கணக்கான விமானிகள் தேவை. ஆனால் நாட்டிலுள்ள பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் விமானங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வடிவமைக்கப்பட்டவை. பெருந்தொகையைக் கடனாகப் பெற்று வெளிநாடு சென்று பயிலும் மாணவர்களும் பலர்.

இந்நிலையில், விமானப்படைக்காக உள்நாட்டிலேயே தயாரிக்கப்படும் பயிற்சி விமானங்களைச் சிவில் விமானிகளின் பயிற்சிக்கும் பயன்படுத்த முடியாதா என்ற கேள்வி எழுகிறது.

எச்.டி-2 வகுத்த வழி

இது புதிய எண்ணம் அன்று. சுதந்திர இந்தியாவில் வடிவமைக்கப்பட்ட முதல் விமானமான எச்.டி-2, வி.எம்.காட்கே தலைமையிலான குழுவின் உழைப்பில் உருவாகி, 1951-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பெங்களூரில் முதன்முறையாகப் பறந்தது. 155 குதிரைத்திறன் கொண்ட எளிய பிஸ்டன் எஞ்சின், மடங்காத சக்கரங்கள், இரண்டு இருக்கைகள் ஆகியவையே அதன் அமைப்பு. விமானப்படை, கடற்படை ஆகியவற்றுடன் சிவில் பயிற்சிக்கும் அது பயன்பட்டது. கானா நாட்டின் விமானப்படையும் அதனை வாங்கியது.

படைவீரருக்கும் சிவில் மாணவருக்கும் தொடக்கநிலைப் பயிற்சி அக்காலத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எனவே ஒரே விமானம் இருவருக்கும் பொருந்தியது.

விலகிச் சென்ற தேவைகள்

இன்று நிலைமை வேறு. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் எச்.டி.டி-40 விமானம் 2016-ஆம் ஆண்டு மே மாதம் முதன்முறையாகப் பறந்தது. விமானப்படைக்கு 70 விமானங்களை வழங்க 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. பயிற்சிக் கருவிகளும் அடங்கிய அதன் மதிப்பு 6,800 கோடி ரூபாய்க்கும் அதிகம்.

ஏறத்தாழ ஆயிரம் குதிரைத்திறன் கொண்ட டர்போபிராப் எஞ்சின், ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கைகள், வான்சாகசங்களைத் தாங்கும் உடலமைப்பு ஆகியவை இவ்விமானத்தில் உள்ளன. பின்னாளில் போர் விமானம் ஓட்டப்போகிறவருக்கு இவை இன்றியமையாதவை.

சிவில் மாணவரின் தேவையோ வேறு. இந்தியாவில் வர்த்தக விமானி உரிமம் பெறுவதற்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்தின் செலவும் மாணவரின் குடும்பத்தின் மீதே விழுகிறது. பயணிகள் விமானத்தில் இரு விமானிகள் அருகருகே அமர்ந்து பணியைப் பகிர்ந்துகொள்கின்றனர். எச்.டி.டி-40 விமானத்திலோ ஆசிரியரும் மாணவரும் முன்னும் பின்னுமாக அமர்கின்றனர்.

டர்போபிராப்பிற்குச் சாதகமான வாதமும் ஒன்றுண்டு. அது விமான நிலையங்களில் பரவலாகக் கிடைக்கும் ஜெட் எரிபொருளில் இயங்குகிறது. பிஸ்டன் விமானங்களுக்கான சிறப்புப் பெட்ரோலை இந்தியா நெடுங்காலம் இறக்குமதி செய்து வந்தது. 2022-இல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் அதனை உள்நாட்டில் தயாரித்து வெளியிட்டது. ஆயினும் எரிபொருள் எளிதில் கிடைப்பது மட்டும், விமானத்தின் விலையையும் பராமரிப்புச் செலவையும் ஈடுசெய்து விடாது.

சான்றிதழ் என்னும் தடை

இராணுவ விமானங்களின் பறக்கும் தகுதியைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழுள்ள தனி அமைப்பு சான்றளிக்கிறது. சிவில் விமானங்களுக்குச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் சான்றிதழ் தேவை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

எனினும் இத்தடையைக் கடக்க இயலும். படைகளுக்காக இந்தியாவில் தயாரிக்கப்பட்டு வந்த டோர்னியர்-228 விமானத்தின் சிவில் வடிவம் உரிய சான்றிதழ் பெற்று, 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் திப்ருகர்-பாசிகாட் வழித்தடத்தில் பயணிகளுடன் பறந்தது. துருக்கியின் ஹுர்குஷ் பயிற்சி விமானத்திற்கு 2016-ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய சிவில் சான்றிதழ் கிடைத்தது.

எச்.பி.டி-32 கற்றுத்தந்த பாடம்

சான்றிதழ் வெறும் காகிதச் சடங்கு அன்று. எச்.டி-2-க்குப் பின் வந்த எச்.பி.டி-32 விமானத்தில் இருக்கைகள் அருகருகே இருந்தன. எஞ்சினும் பிஸ்டன் வகையே. தோற்றத்தில் சிவில் பயிற்சிக்கு ஏற்றதாகவே அது தெரிந்தது. ஆனால் எஞ்சின் நடுவானில் நின்றுபோகும் சிக்கல் தொடர்ந்தது. 17 விபத்துகளில் 19 விமானிகள் உயிரிழந்த பின், 2009-ஆம் ஆண்டு அது சேவையிலிருந்து நிறுத்தப்பட்டது.

வெளியேற்று இருக்கையோ, பாராசூட் பயிற்சியோ இல்லாத பதினெட்டு வயது மாணவரை இத்தகைய விமானத்தில் அமர்த்தியிருந்தால் விளைவு எவ்வாறு இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பொருத்தமான இடம் எது?

இராணுவப் பயிற்சி விமானத்திற்குச் சிவில் துறையில் இடமே இல்லை என்று கூறிவிட முடியாது. 2009-இல் ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் பலியானதை அடுத்து, நிலைகுலைந்த விமானத்தை மீட்கும் பயிற்சி உலகெங்கும் வலியுறுத்தப்பட்டது. இதற்கு வான்சாகசத்தைத் தாங்கும் விமானம் ஏற்றது. ஆனால் ஒரு மாணவருக்கு இதில் சில மணி நேரமே தேவைப்படும்.

மீதமுள்ள மணி நேரங்களுக்கு வேண்டியது சிறிய, சிக்கனமான விமானம். பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகங்கள் இதற்கெனவே ஹன்சா விமானத்தை உருவாக்கின. இரு இருக்கைகள் கொண்ட ஹன்சா-3, 2000-ஆம் ஆண்டில் சிவில் சான்றிதழ் பெற்றது. அதன் புதிய வடிவம் 2022-இல் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனைகளை நிறைவு செய்தது. எனினும் முதல் சான்றிதழ் கிடைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், பயிற்சிப் பள்ளிகளை நிரப்பும் அளவிற்கு ஹன்சா தயாரிக்கப்படவில்லை.

ஆகவே, போருக்கெனச் செய்த விமானத்தைப் பின்னர் சிவில் பள்ளிக்கு ஏற்ப மாற்றுவதைக் காட்டிலும், எச்.டி-2 காலத்தைப் போலத் தொடக்கநிலை விமானம் ஒன்றை இரு தரப்பிற்கும் பொதுவாகத் திட்டமிட்டு, இரு சான்றிதழ்களையும் தொடக்கத்திலேயே நாடுவதே பயன் தரும். விமானப்படையின் உறுதியான கொள்முதல் இருந்தால் உற்பத்தி பெருகும், விலை குறையும். அதன் பலன் இறுதியில், கடன் பெற்றுப் பறக்கக் கற்கும் மாணவருக்கே சென்று சேரும்.