சகலாத்து

ஆலங்குளத்தில் கல்யாண வீட்டு ராத்திரிகளில் சீட்டு போடுவது ஜமுக்காளத்தில். அது பருத்தி. பில்லியர்ட்ஸ் மேசையில் இழுத்துக் கட்டிய பச்சைத் துணியோ கம்பளி. ஆங்கிலத்தில் அதை 'பெய்ஸ்' என்பார்கள். செம்பழுப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்த பெயர். பேரில் பழுப்பு, மேசையில் பச்சை! புல்தரையில் ஆடிய ஆட்டம் வீட்டுக்குள் வந்தபோது புல்லின் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

தமிழில் இதற்கு நெருங்கிய சொல் சகலாத்து. பாரசீகத்துச் 'சகலாத்' உருது வழியாக நம்மிடம் வந்து, கம்பளித் துணிக்குப் பெயரானது. எவ்வளவு அழகான சொல்! இன்று அகராதியில் மட்டும் கிடக்கிறது. எனக்கு அதில் வருத்தம்தான். ஏனென்றால் அந்தத் துணிக்கு நம் மண்ணில் ஒரு கதை உண்டு. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் அந்தத் துணி கட்டிய மேசையில் தொடங்கிய ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு விதிகள் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பில்.

ஸ்னூக்கர் மேசையை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் போனால் வழவழப்பு, திரும்பி வந்தால் சொரசொரப்பு. துணியில் படுத்திருக்கும் கம்பளி மயிர் அது. மெல்ல உருளும் பந்தை அது லேசாகத் திருப்பிவிடும். அதனால்தான் பிரஷ் போடுவதும் ஒரே திசையில்.