ஒரு முகம், இரண்டு காதல்: பேட்டில்ஸ்டார் கலாக்டிகா

அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடர்களில் காதலுக்கு ரொம்ப நாள் ஊறுகாய் அளவுதான் இடம். விண்கலம், ரோபோ, சண்டை எல்லாம் போக மீதி நேரத்தில் கொஞ்சம் தொட்டுக்கொள்ள! ஆனால் அந்தக் கொஞ்சத்திலும் அந்தக் காலத்து அரசியல் எட்டிப் பார்க்கும்.

1967 ஜூனில், கலப்புத் திருமணத்தைத் தடை செய்யும் மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் 'ஸ்டார் டிரெக்' தொடரில் ஸ்பாக்கின் பெற்றோர் முதன்முறையாகத் திரையில் வந்தார்கள். அப்பா வல்கன் கிரகத்துக்காரர், அம்மா பூமிக்காரி. நேரடியாகச் சொல்லத் தயங்கியதை வேற்றுக்கிரகத்தை வைத்துச் சொல்வது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அடுத்த பெரிய பயம் 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு வந்தது. நம்மைப் போலவே இருக்கும் எதிரி, நம்மோடு சாப்பிட்டுத் தூங்கும் எதிரி என்ற பயம். அந்தக் காலத்தில் பிறந்ததுதான் ரொனால்ட் டி. மூர், டேவிட் ஐக் இருவரும் மறுபடி எடுத்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'. 1978ல் வந்த பழைய தொடரில் சைலான்கள் தகர உடம்பு ரோபோக்கள். 2003 டிசம்பரில் வந்த புதிய குறுந்தொடரில் அவை மனித உருவத்துக்கு மாறிவிட்டன. ஒரே மாடலில் ஏராளமான நகல்கள். ஒன்று செத்தால் நினைவெல்லாம் புது உடம்புக்குப் போய்விடும்.

(இனிமேல் வருவது முழுக்கதை. பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்!)

இரண்டு ஷாரன்கள்

சைலான்களின் அணுகுண்டுத் தாக்குதலில் தப்பியவர்கள் சுமார் 50,000 பேர். அவர்களைக் காக்கும் கலாக்டிகா போர்க்கலத்தில் ஷாரன் வலேரி ஒரு விமானி. பட்டப்பெயர் பூமர். தான் ஒரு சைலான், 8ஆம் எண் மாடல் என்பது அவளுக்கே தெரியாது. விமானத் தளத்தின் தலைமை மெக்கானிக் டிரோலுக்கும் அவளுக்கும் காதல். அதிகாரியும் கீழ்நிலை ஊழியரும் காதலிப்பது விதிப்படி தவறு.

அவளோடு பறந்த ஹீலோ, தன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு அழிந்த கேப்ரிகா கிரகத்திலேயே நின்றுவிடுகிறான். அவன் கதையை அங்கேயே முடிப்பதாகத்தான் முதல் திட்டம். ரசிகர்களுக்குப் பிடித்துப்போனதால் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவனைத் தேடி அங்கே இன்னொரு ஷாரன் வருகிறாள். அதே முகம், பூமரின் அதே நினைவுகள். அவனை மயக்கக் குழந்தை பெறுவதுதான் அவளுக்கு இடப்பட்ட வேலை. ஆனால் நிஜமாகவே காதலித்துவிடுகிறாள். பின்னாளில் அதீனா என்று பெயர் வாங்குவது இவள்தான். இரண்டு பேராகவும் நடித்தவர் கிரேஸ் பார்க்.

ஆக முதல் சீசன் முழுக்க இரண்டு காதல்கள் இணைகோடாகப் போகின்றன. ஒன்று கலத்துக்குள் உடைகிறது, மற்றொன்று அழிந்த ஊரில் முளைக்கிறது.

எங்கே பிரிகின்றன?

பூமரோடு இருந்த உறவை மறைக்கத் தன் கீழ் வேலை செய்த ஒருவன் பொய் சொல்லிச் சிறைக்குப் போனதும், டிரோல் அந்த உறவையே முறித்துக்கொள்கிறான். அவள் சைலான் என்று அவனுக்கு அப்போது தெரியாது. பிறகு பூமர் தளபதி அடாமாவைச் சுட, உண்மை வெளியே வருகிறது. கைதியாக அழைத்துப் போகும்போது கேலி என்ற பெண் அவளைச் சுட்டுக் கொல்கிறாள். பின்னாளில் டிரோல் கல்யாணம் செய்துகொள்வது அந்தக் கேலியைத்தான்!

ஹீலோவுக்கும் உண்மை தெரிகிறது. அதிர்கிறான், கோபப்படுகிறான், அவள் மேலேயே சுடுகிறான். ஆனாலும் விட்டுப் போகவில்லை. வயிற்றில் குழந்தையோடு அவளைக் கலாக்டிகாவுக்கே கூட்டி வருகிறான். டிரோலை வில்லன் என்று சொல்லிவிட முடியாது. ஹீலோவுக்கு யோசித்து முடிவெடுக்கக் காட்டில் நாட்கள் கிடைத்தன. டிரோலுக்கு ஊரே சுற்றி நின்றது.

30 நாளும் மரண தண்டனையும்

இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடம் 2005 செப்டம்பரில் ஒளிபரப்பான 'பெகாசஸ்' எபிசோட். இன்னொரு போர்க்கலத்தின் அதிகாரி ஒருவன் விசாரணை என்ற பெயரில் கைதி ஷாரனைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான். ஹீலோ ஓடுகிறான். கூடவே டிரோலும் ஓடுகிறான், அவள் தன்னுடைய ஷாரன் இல்லை என்று தெரிந்தும். கைகலப்பில் அந்த அதிகாரி செத்துவிட, இருவருக்கும் மரண தண்டனை. கடைசி நேரத்தில்தான் தப்புகிறார்கள்.

பூமரைப் பலர் முன்னால் சுட்ட கேலிக்கு எவ்வளவு தண்டனை? 30 நாள் சிறை. அதுவும் அனுமதியின்றித் துப்பாக்கியைப் பயன்படுத்திய குற்றத்துக்கு. சைலானைக் கொல்வது கொலைக் கணக்கில் வராது!

தொடரின் மையக் கேள்வி இந்த இரண்டு தண்டனைகளுக்கு நடுவில் இருக்கிறது. அபு கிரைப் சிறைப் படங்கள் 2004ல்தான் வெளிவந்திருந்தன. எதிரி என்று முத்திரை குத்தியவரின் உயிருக்கு என்ன மதிப்பு என்பது அப்போது அமெரிக்காவுக்கு நிஜமான கேள்வி. அதை நீதிமன்றக் காட்சியாக வைத்திருந்தால் பிரசங்கமாகிவிட்டிருக்கும். காதலாக வைத்ததால் பார்ப்பவர் பக்கம் எடுத்தே ஆகவேண்டும்.

நம்பிக்கையின் விலை

2006ல் தொடங்கிய மூன்றாம் சீசனில் அதீனா சீருடை அணிந்த அதிகாரி, ஹீலோவின் மனைவி. இறந்துவிட்டதாக நம்பிய மகள் ஹீரா சைலான் கலத்தில் உயிரோடு இருப்பது தெரிந்ததும், தன்னைச் சுடச் சொல்கிறாள். செத்தால் அங்கே புது உடம்பில் எழுந்து குழந்தையை மீட்கலாம். அவள் திரும்பி வருவாள் என்று நம்பி ஹீலோ சுடுகிறான். வருகிறாள், மகளோடு.

2007 மார்ச்சில் பெரிய அதிர்ச்சி: டிரோலும் ஒரு சைலான்! எந்தக் காரணத்துக்காக ஊர் பூமரைக் கொன்றதோ, அதுவாகவே அவனும் இருந்திருக்கிறான்.

மறு உடம்பில் எழுந்த பூமர் 2009ல் கைதியாகத் திரும்ப வரும்போது, இருவரும் கட்டத் திட்டமிட்ட வீட்டை அவன் மனக்கண்ணில் காட்டுகிறாள். அதில் அவர்களுக்குப் பிறந்திருக்கக்கூடிய மகளும் உண்டு. அவன் உருகித் தப்ப வைக்கிறான். அவளோ ஹீராவைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறாள். கடைசியில் மனம் மாறிக் குழந்தையை ஒப்படைக்கும்போது அதீனாவே அவளைச் சுட்டுவிடுகிறாள்.

முடிவில் ஹீலோ, அதீனா, ஹீரா மூவரும் புதுப் பூமியில் குடும்பமாக நிற்கிறார்கள். டிரோல் ஆளில்லாத குளிர்த் தீவுக்குத் தனியாகப் போகிறான். ஒரே முகம், ஒரே நினைவு... ஒருத்தியை மனுஷியாக நடத்தினார்கள், அவள் அப்படியே ஆனாள். இன்னொருத்திக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

கடைசி எபிசோட் 2009 மார்ச் 20ல் ஒளிபரப்பானது. அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 17ல், ஐக்கிய நாடுகள் சபை இந்தத் தொடரை முன்வைத்து மனித உரிமை பற்றி ஒரு கலந்துரையாடல் நடத்தியது. ஒரு விண்வெளி சீரியலுக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஏது?

பார்க்க நினைப்பவர்கள் 2003 குறுந்தொடரிலிருந்து தொடங்கவும். நேரே முதல் சீசனுக்குப் போனால் ஹீலோ ஏன் கேப்ரிகாவில் நிற்கிறான் என்பதே புரியாது!