கறுவா வேறு, கசியா வேறு

1344இல் புத்தளத்தில் இறங்கிய இப்னு பதூதா, வெள்ளம் அடித்து வந்து கரையெங்கும் குவித்திருந்த கறுவா மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். மலபார்க்காரர் அதற்கு விலை கொடுக்கவில்லையாம். அரசருக்குக் கொஞ்சம் துணிமணி கொடுத்துவிட்டு ஏற்றிப் போனார்களாம்! பிறகு அதே பட்டைக்காகத்தான் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அடிபட்டார்கள். 1638இல் நமது மட்டக்களப்புக் கோட்டை கைமாறியதன் பின்னாலும் கறுவா இருந்தது.

இன்று உலகச் சந்தையில் கறுவா என்று விற்பதில் பெரும்பகுதி கசியா. சீனா, இந்தோனேசியா, வியட்நாமில் விளையும் உறவுக்கார மரம். மலிவு, காரம் கூட. அதில் கூமரின் என்ற வாசனைப் பொருள் நிறைய இருக்கிறது. நம் நாட்டுக் கறுவாவில் அது மிகச் சொற்பம். கூமரின் ஈரலைப் பாதிக்கும் என்று விலங்குச் சோதனைகளில் தெரிந்ததும், 1954இல் அமெரிக்கா அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. கசியாவுக்குள் இயற்கையாக இருப்பதை அந்தத் தடை தொடவில்லை. மரம் தந்தாலென்ன, ஆய்வுகூடம் தந்தாலென்ன, ஈரலுக்கு இரண்டும் ஒன்றுதானே? 2006இல் ஜேர்மனி அரச நிறுவனமே நத்தார் பிஸ்கட்டுகளைப் பற்றி எச்சரித்தது.

60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம் கூமரின்தான் எல்லை. கசியாத் தூள் 2 கிராமிலேயே அது வந்துவிடும். கறியில் போடும் துண்டுக்குப் பயப்படத் தேவையில்லை. சீனி வருத்தத்துக்கு நல்லதென்று தினமும் கரண்டிக் கணக்கில் தூள் குடிப்பவர்களை நினைத்தால்தான் நமக்குக் கவலை.

நம் கறுவா மெல்லிய பல அடுக்காகச் சுருண்டிருக்கும், கையால் நொறுங்கும். கசியா தடித்த ஒற்றைப் பட்டை. தூளாகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பட்டையாக வாங்கி வீட்டிலேயே இடித்துக்கொள்ளுங்கள்.