பான்டிங் எழுதிய கடிதம்

தம் உடற்பருமனைக் குறைக்க வழி தேடி அலைந்த ஒருவர், அந்த அனுபவத்தைத் தாமே எழுதி அச்சிட்டு ஊருக்குக் கொடுத்தது 1863-இல் லண்டனில் நடந்தது. அவர் பெயர் வில்லியம் பான்டிங். சவ அடக்கம் நடத்தித் தருவது குடும்பத் தொழில். அரச குடும்பத்து இறுதிச் சடங்குகளையும் அவர்களே நடத்தினார்கள். 66 வயதில் அவர் உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ.

குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட அவரால் முடியாது. மூட்டு அதிருமே என்று படிக்கட்டில் பின்பக்கமாகவே மெல்ல இறங்குவார். அதைவிட அவரை வாட்டியது ஏளனம். பொது வண்டியிலும் கூட்டங்களிலும் கிளம்பிய கிண்டலுக்கு அஞ்சி, நாலு பேர் கூடும் இடங்களைத் தவிர்க்கத் தொடங்கினார்.

அவர் உதவி தேடாமல் இருக்கவில்லை. படகு வலித்தார், பசிதான் கூடியது. துருக்கிக் குளியல், ஊற்று நீர், கடற்காற்று என்று எதையும் விடவில்லை. வயது ஏற ஏற எடையும் ஏறுவது இயல்புதான் என்று சொல்லி அனுப்பிய மருத்துவரும் உண்டு. வலியோடு வந்து நிற்பவரிடம் சொல்லக்கூடிய பதிலா அது? கடைசியில் வழி பிறந்தது வேறொரு குறைக்காகப் போன இடத்தில். காது மந்தமானதால் 1862-இல் வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் போனார். கல்லீரலையும் சர்க்கரையையும் பற்றி உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் பாரிஸில் ஆற்றிய உரையைக் கேட்டுவந்திருந்த ஹார்வி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தச் சொன்னார். ஏறக்குறைய ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது; காதும் தெளிந்தது.

இந்த அனுபவத்தைத்தான் அவர் ஒரு கடிதமாக எழுதி அச்சிட்டார். மருத்துவம் படிக்காதவர் மருத்துவம் எழுதுவதா என்று மருத்துவ இதழ்கள் சீறின. மக்களோ தேடி வாங்கினார்கள். முதல் பதிப்புகளை இலவசமாகவே கொடுத்த பான்டிங், பிறகு கிடைத்த லாபத்தை அறப்பணிகளுக்கு அளித்தார். 1869-க்குள் 60,000 பிரதிகளுக்கு மேல் விற்றன. தம்மைப்போலவே தவித்த ஒருவரின் வாக்கை மக்கள் நம்பினார்கள்.

ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் நியூயார்க்கில் இதே கதை. 214 பவுண்டு எடையிருந்த ஜீன் நைடெச்சைக் கடையில் பார்த்த ஒரு பெண், பிரசவம் எப்போது என்று கேட்டுவிட்டார். அந்தச் சொல் சுட்டதில் 1961-இல் மாநகரச் சுகாதாரத் துறையின் பருமன் சிகிச்சை நிலையத்துக்குப் போனார். அங்கே கொடுத்த உணவுத் திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் வீட்டில் ஒளித்துவைத்து பிஸ்கட் தின்பதை அங்கிருந்த கண்டிப்பான ஆலோசகரிடம் சொல்ல நா எழவில்லை. தோழியர் 6 பேரை வீட்டுக்கு அழைத்து அவர்களிடம் சொன்னார். அவர்களும் தங்கள் கள்ளத் தீனியைச் சொல்லத் தொடங்கினார்கள். உணவுத் திட்டம் அதேதான், கண்டிப்பு மட்டும் இல்லை. வாராவாரம் கூடிய அந்தக் கூட்டமே 1963-இல் வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனமானது. 1978-இல் ஹைன்ஸ் உணவு நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது.