கோலி சோடா சொல்லும் மூடிக் கதை

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை. அதன்பின் நம் குடியிருப்பில் எல்லார் கையிலும் பாட்டில்தான். தகராறு மூடியில்: ஒன்று ஒழுகுகிறது, இல்லை நாறுகிறது.

ஒழுகலுக்கு 1870களிலேயே வழி கண்டவர் இங்கிலாந்தின் ஹைரம் காட். பாட்டில் கழுத்துக்குள் கண்ணாடிக் கோலி, வாயில் ரப்பர் வளையம். சோடாவின் வாயு கோலியை மேலே தள்ளி வளையத்தோடு அழுத்திவிடும். ராயபுரம் பெட்டிக்கடையில் கட்டைவிரலால் கோலியை அமுக்கிக் குடித்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. 1892-ல் அமெரிக்காவின் வில்லியம் பெயின்டர் கொண்டுவந்த தகர மூடி, திறந்ததும் குப்பை. கோலியோ பாட்டிலோடு திரும்பிப் போய் மறுபடி சோடாவோடு வரும்.

நம் திருகு மூடியில் வாயுவின் வேலையை மரை செய்கிறது. வளையம் மட்டும் மாறவில்லை. நாற்றமும் அதன் அடியில் தங்கும் ஈரத்தில்தான். பிள்ளைகளுக்கு வாங்கும்போது, வாஷர் கழற்றிக் கழுவ வருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். எண்ணூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் வாய் வைக்கும் இடத்தை முழுதாக மறைக்கும் மூடியாக எடுங்கள். அங்கே தூசு அதிகம்.