இலண்டன் கணக்கேட்டில் ஒரு கிதிர்ப்பூர் மாலுமி

கொல்கத்தாவின் கிதிர்ப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த ஆய்வு மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஒரு கேள்வியோடு என்னிடம் வந்தார். அவருடைய பாட்டனாரின் பாட்டனார் நீராவிக் கப்பலில் மாலுமிகளின் தலைவராக, அதாவது சாரங்காக இருந்தவர். 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலண்டனில் ‘பெரிய கல்வீடு’ ஒன்றில் தங்கினார் என்பது குடும்ப வழக்கு. அங்கே அவருக்கு இன்னொரு மனைவி இருந்தாளா என்று அந்த மாலுமியின் பேத்தியான மூதாட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

தேடலை எங்கே தொடங்குவது? இந்தியா முழுவதற்கும் ஒரே நாளில் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1881 பிப்ரவரி 17 அன்று நிகழ்ந்தது. ஆனால் வீடுதோறும் பெயர் எழுதிய படிவங்கள் இங்கே பேணப்படவில்லை. கூட்டிக் கழித்து அச்சிட்ட அட்டவணைகளே எஞ்சின. இங்கிலாந்திலோ அதே ஆண்டு ஏப்ரல் 3 இரவுக்குரிய கணக்கேடுகள் பெயர்களோடு அப்படியே உள்ளன. பிறந்த மண்ணில் வெறும் எண்ணாகக் கரைந்த ஒருவன் நாற்பத்தைந்து நாள் கழித்து அயல்நாட்டில் பெயரோடு நிற்கக்கூடும். இந்த முரண் என்னை நெடுநாள் உறுத்தி வந்திருக்கிறது.

‘கல்வீடு’ எது என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. கப்பல் கரை சேர்ந்ததும் கைவிடப்பட்ட லஸ்கர் மாலுமிகள் இலண்டன் தெருக்களில் குளிராலும் பசியாலும் மாண்ட செய்திகள் பரவிய பின்னர், ஆசியர், ஆப்பிரிக்கர், தென்கடல் தீவினர் ஆகியோருக்கான ‘அந்நியர் இல்லம்’ லைம்ஹவுஸ் பகுதியில் மேற்கிந்தியத் துறைமுகச் சாலையில் எழுந்தது. 1856இல் இளவரசர் ஆல்பர்ட் அடிக்கல் நாட்டினார், பஞ்சாபின் மகாராஜா துலீப் சிங் 500 பவுண்டு வழங்கினார், 1857இல் திறப்பு. உறைவிடமாக மட்டுமன்றி, மாலுமிகளைக் கீழ்த்திசைக் கப்பல்களில் மீண்டும் ஏற்றி அனுப்பும் இடமாகவும் அது இயங்கியது. அறக்கொடையும் அகற்றும் ஏற்பாடும் ஒரே கூரையின்கீழ் நடந்தன என்பதே என் கருத்து.

இத்தகைய விடுதிகளில் இரவு தங்கியோரும் கணக்கெடுக்கப்பட்டனர். பெயர், வயது, மணநிலை, தொழில், பிறந்த இடம் எனப் பத்திகள் இருந்தன. எழுதியவர் காதில் விழுந்ததே பெயராயிற்று. தந்தை பெயரோ ‘ஷேக்’ என்னும் முன்னொட்டோ குடும்பப் பெயராக மாறிவிடும். வயதுகள் ஐந்திலும் பத்திலும் முடியும். வெளிநாட்டில் பிறந்தோருக்கு நாட்டின் பெயரே போதும் என்பதால் சில்ஹட்காரரும் நாகப்பட்டினத்துக்காரரும் ‘கிழக்கிந்தியா’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவர். ஆகவே எழுத்துக்கூட்டலை நம்பித் தேடுவது வீண். வாய்விட்டுப் படித்து ஒலியால் தேட வேண்டும்.

அடுத்தது கப்பல் பணியாளர் ஒப்பந்தப் பட்டியல்கள். இவை சிதறிய விதம் ஆய்வாளரைச் சோதிப்பது. 1861, 1862 ஆகிய ஆண்டுகளுக்கும், 1945 நீங்கலாக ஐந்தில் முடியும் ஆண்டுகளுக்கும் உரியவற்றில் பெரும்பகுதி கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஏனைய ஆண்டுகளில் பத்து விழுக்காடு கியூ தேசிய ஆவணக் காப்பகத்திலும், மிகப்பெரும் பகுதி கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலுள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. ஹூக்ளியில் கப்பலேறியவனை அட்லாண்டிக்கின் மறுகரையில் தேட வேண்டியிருக்கிறது! கப்பலின் பதிவெண் தெரியாவிட்டால் தாள் கைக்கு வராது. குடும்பத்தில் கப்பலின் பெயரே நினைவில் இல்லை.

மூதாட்டியின் கேள்விக்கு வேறொரு வழியும் உண்டு. அந்நியர் இல்லத்தில் பணியாற்றிய சமயப் பணியாளர் ஜோசப் சால்ட்டர், ஆசியரைப் பற்றி 1873இல் வெளியிட்ட நூலில் துறைமுகச் சந்துகளின் தனியார் விடுதிகளையும் விவரிக்கிறார். லஸ்கர்களோடு பழகி அவர்கள் மொழியைப் பேசிய ஆங்கிலப் பெண்களுக்கு ‘லஸ்கர் சேலி’, ‘கல்கத்தா லூயிசா’ போன்ற பட்டப்பெயர்கள் வழங்கின. அவருடைய கண்டனத் தொனியை ஒதுக்கிவிட்டுப் படித்தால், இந்திய ஆணின் சுவடு பல வேளை ஆங்கிலப் பெண்ணின் பெயருக்குப் பின்னால் மறைந்திருப்பது புலப்படும். மாலுமியை விட்டுவிட்டு அவன் தங்கிய வீட்டுக்காரியைத் தேடுமாறு மாணவரிடம் சொன்னேன்.

ஆறு வாரம் கழித்து 1881 கணக்கேட்டின் ஒரு படியோடு வந்தார். ஒலியளவில் பொருந்தும் பெயர், வயது 30, தொழில் மாலுமி, பிறப்பு கிழக்கிந்தியா. கண்கள் கலங்கியிருந்தன. அந்தப் பெயர் வங்கக் கரையோரத்தில் ஊருக்குப் பத்துப் பேருக்கு உண்டு என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. சாரங்கு என்ற பதவிக் குறிப்பும் இல்லை. ‘இவராக இருக்கலாம்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் ஆய்வேட்டில் எழுதக்கூடாது என்றேன். சற்று மனவருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

படியை மூதாட்டிக்கு வாசித்துக் காட்டினாராம். மணநிலைப் பத்தியில் ‘மணமானவர்’ என்றிருப்பதைக் கேட்டதும், “எங்கள் வீட்டுப் பெண்ணையா, அங்கிருந்தவளையா?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பத்தி அதைச் சொல்வதில்லை. மாணவர் இப்போது கிரீனிச்சின் 1885 பட்டியல்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்.